சின்னவர் வீட்டில் இல்லை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

பூட்டுக்கடைக்காரன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டம்மாவும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் இருமல் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த பம்பை வேளை தவறாமல் வாயில் வைத்து இழுக்கிறீர்களா? 'இங்கு எல்லோரும் நலம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. ஆனால் அந்த 'எல்லோரும்' என்ற சொல்லில்தான் எனக்கு இன்று ஒரு சிக்கல் இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் யோசிப்பீர்கள். போனில் என்னால் பொய் மட்டும்தான் சொல்ல முடிகிறது, சம்பந்தி. "என்ன சம்பந்தி, பசங்க எப்படி இருக்காங்க?" என்று தாங்கள் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் தானாகவே "அவங்களுக்கென்ன, ராஜா மாதிரி இருக்காங்க" என்று சொல்லிவிடுகிறது. வாயை அடக்க ஒரு பூட்டு நான் இன்னும் செய்யவில்லை. பேனா பிடித்த கை அவ்வளவு வேகமாகப் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். பம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இப்போது சொல்லிவிடுகிறேன். சின்னவர் வீட்டில் இல்லை. தங்கள் பெரியவரின் கடைசி மகன், சாம்பல் நிறத்தில், இடது இறக்கையில் ஒற்றை வெள்ளைச் சிறகோடு இருப்பாரே, அவர் போன ஞாயிற்றுக்கிழமை வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை. மற்ற நால்வரும் பத்திரமாக இருக்கிறார்கள். தப்பு முழுக்க என்னுடையது. புறாக்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இனி நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் தாங்கள் என் கையில் கூடையைக் கொடுத்த காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இத்தனை வருஷமாகப் பந்தயப் புறா வளர்த்து, கோப்பை வைக்க அலமாரி போதாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கியவர் தாங்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், புறாக்களின் தூசி தங்கள் நுரையீரலில் படிந்திருக்கிறது, "புறாவா மூச்சா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோப்பைகளை வாங்கித் தந்த பெரியவரையும் மற்ற புறாக்களையும் பந்தயச் சங்கத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். பெரியவரின் கடைசிக் குஞ்சையும், அதே சமயம் மற்ற ஜோடிகள் பொரித்த நான்கு குஞ்சுகளையும் மட்டும் என்னிடம் கொடுத்தீர்கள். புறாவுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். "விஷயம் தெரிஞ்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே, என்கிட்ட எதுக்கு?" என்று கேட்டேன். "பந்தயக்காரங்ககிட்ட கொடுத்தா பந்தயத்துக்கு வளப்பாங்க சம்பந்தி. உங்ககிட்ட கொடுத்தா வளப்பீங்க" என்றீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கூடையைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, தன் பையை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

தாங்கள் அன்று சொன்ன ஒரு விஷயத்தை நான் மனதில் பச்சை குத்தி வைத்திருக்கிறேன். "இதுங்க இன்னும் வானத்தையே பாக்காத குஞ்சுங்க. மொதல் தடவ எந்தக் கூரையிலருந்து பறக்குதோ, அதுதான் சாகுற வரைக்கும் அதுக்கு வீடு. அதனால இனிமே உங்க மாடிதான் இதுங்களுக்கு எல்லாம்." இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் இதற்குமுன் யாரும் தந்ததில்லை. தெருவில் எல்லா வீட்டுச் சாவியின் நகலும் என் கடையில்தான் வெட்டப்படுகிறது, ஆனால் அதெல்லாம் வெறும் பித்தளை.

கூண்டு கட்டுவதற்குத் தாங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பை ஒன்றுக்கு மூன்று முறை படித்தேன். காலை வெயில் விழ வேண்டும், மழைச்சாரல் விழக் கூடாது. காற்று வர வேண்டும், காற்று அடிக்கக் கூடாது. இடம் தாராளமாக இருக்க வேண்டும், ஆனால் துரத்திப் பிடிக்கும்படி இருக்கக் கூடாது. சம்பந்தம் பேசியபோதுகூடத் தாங்கள் இவ்வளவு நிபந்தனை போடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே இடம் பார்த்து, தச்சரைக் கூப்பிட்டேன். அவர் "மரத்துல பண்ணிடலாம்ணே, புறா மரத்துலதான் நிம்மதியா உக்காரும்" என்றார். மரத்தை எலி கடிக்கும், பூனை பிறாண்டும், திருடன் உடைப்பான் என்று நான் இரும்புச் சட்டம், இரும்புத் தகடு, இரண்டடுக்குக் கம்பி வலை, முன்பக்கம் கடைக்குப் போடும் ஷட்டர் என்று படம் வரைந்து காட்டினேன். தச்சர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது புறாவுக்கா, பேங்க் பணத்துக்கா?" என்று கேட்டு, உளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

போனால் போகட்டும் என்று நானே வெல்டிங் வைத்துக் கட்டி முடித்தேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் வீட்டம்மா தலையணையில் விட்டத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் விழ ஆரம்பித்தது. முதலில் தன் தலையில்தான் பொடுகு என்று நினைத்து அவள் எண்ணெயை மாற்றினாள். பிறகு ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அவர் ஏணியில் ஏறிக் கூரையில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "மேல என்ன சார் வெச்சிருக்கீங்க, ஆனையா?" என்றார். அஞ்சு குஞ்சு என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை. எல்லாவற்றையும் பிரித்து இறக்கிவிட்டு, தச்சர் வீட்டுக்கு நானே நடந்து போய், சமாதானம் பேசிக் கூட்டிவந்தேன். அவர் பெரிய மனசு பண்ணி மரத்தில் கட்டிக் கொடுத்தார். லேசான, உலர்ந்த, காற்றோட்டமான கூண்டு. தாங்கள் பார்த்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பீர்கள். கதவை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரும்புக் கதவு, செவன் லீவர் என்பார்களே அந்த ஏழு நெம்புப் பூட்டு, சாத்தினாலே தானாக விழுந்துகொள்ளும் தாழ்.

அந்தத் தாழைப் பற்றிப் போனில் நான் சொல்லவில்லை. கூண்டு கட்டி முடித்த அடுத்த நாளே, உள்ளே எச்சம் சுரண்டப் போன என் முதுகுக்குப் பின்னால் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. சாவி வெளிப்பக்கம் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் சாவித்துளையே கிடையாது, ஏனென்றால் புறா சாவி போடாது. வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து சாவியைத் திருகிய வேகத்தில் அது உடைந்து பாதி பூட்டுக்குள் நின்றுவிட்டது. இந்த ஊரில் உடைந்த சாவியை எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கூண்டுக்குள் ஐந்து குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தான். இன்னொருவர் என் எதிர்க்கடைக்காரர். என் கடைக்கு நேர் எதிரே அவர் பூட்டுக்கடை வைத்த நாளிலிருந்து நாங்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை. வீட்டம்மா ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் போய் அவரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். "நல்ல பூட்டுண்ணே. ரொம்ப நல்ல பூட்டு" என்றார். அதில் கேலி இருக்கிறதா என்று கம்பி வலை வழியாக உற்றுப் பார்த்தேன், இல்லை. அவர் திறக்கும்வரை சின்னவர் என் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக அவராக என்னிடம் வந்தது அன்றுதான். அதனால் அந்த நாளைப் பற்றி எனக்கு முழு வருத்தம் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நான் குறை வைக்கவில்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். பருந்து வராமலிருக்க, கடையில் வீணாகிப்போன சாவிகளை எல்லாம் கம்பியில் கோத்துக் கூண்டைச் சுற்றித் தோரணம் கட்டினேன். வெயிலில் பளபளக்கும், காற்றில் கலகலக்கும். பருந்து வரவில்லை. அதற்குப் பதிலாகத் தெருவில் சாவி தொலைத்தவர்கள் எல்லாம் "இதுல எங்களுது இருக்கான்னு பாத்துக்கறோம்" என்று மாடிக்கு வர ஆரம்பித்தார்கள். எலி ஏறாமலிருக்கக் கூண்டின் கால்களுக்குத் தகரக் குடை போட்டேன். பிறகு பூனை. பக்கத்து வீட்டில் ஒரு கொழுத்த பூனை உண்டு. வேலை எதுவும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பதால் அதற்குத் தெருவில் 'மேனேஜர்' என்று பெயர். அது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கூண்டைப் பார்வையிடும். அதை விரட்ட நான் வாளித் தண்ணீர், விசில், குடை எல்லாம் முயன்று பார்த்தேன். வாளித் தண்ணீர் துணிக்கொடியில் காய்ந்த போர்வையில் விழுந்தது. அதோடு அந்த ஆயுதம் வீட்டம்மாவால் பறிமுதல் செய்யப்பட்டது.

வீட்டம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "துணி காயப்போட இடமில்ல, இதுல இது வேறயா?" என்றுதான் ஆரம்பித்தாள். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பொத்தான் டப்பாவைக் குலுக்கித் தேடுவாளே, அந்தச் சத்தம் தானிய டப்பா சத்தம்போலவே இருக்கும். அதைக் கேட்டு மாடியில் ஐந்து பேரும் கூவ ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வேண்டுமென்றே குலுக்கிப் பார்த்தாள். மறுநாள் பொத்தான் டப்பாவோடு மாடிக்கே போய்விட்டாள். இப்போது நான் போய்க் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் டப்பாவைத் தொட்டால் போதும், பொத்தானைக்கூடத் தின்னத் தயாராக நிற்கிறார்கள். மகள் போனபிறகு வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட அதிகச் சத்தமாகக் கேட்டது, சம்பந்தி. புறாக்கள் வந்தபிறகு அப்படி இல்லை.

இறக்கை முத்தியவுடன் வெளியே விடச் சொன்னீர்கள். நான் விடவில்லை. தாங்கள் கேட்கும்போதெல்லாம் "இறக்கை இன்னும் முத்தல சம்பந்தி", "வானம் மூட்டமா இருக்கு சம்பந்தி", "எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு சம்பந்தி" என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். இறக்கை எப்போதோ முத்திவிட்டது. இடுப்பும் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மனசு வரவில்லை. ஒருத்தியை வெளியே அனுப்பியே நான் இன்னும் பழகவில்லை, ஐந்து பேரை எப்படி அனுப்புவேன்? கடைசியில் தாங்கள் கோபப்பட்டு, "கூண்டுக்குள்ளயே வெச்சிருந்தா அது புறா இல்ல சம்பந்தி, கோழி. அடுத்த மாசம் குஞ்சுப் பந்தயத்துக்குச் சின்னவர் பேரைக் கொடுத்துட்டேன். தொறந்து விடுங்க" என்றீர்கள். பெரியவர் வம்சத்தில் வானத்தில் பறக்கப்போகிற கடைசி ஆள் அவர் என்று சொல்லும்போது தங்கள் குரல் உடைந்தது. இருமல் என்றீர்கள். எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், கூண்டின் முகப்பை மூடியிருந்த தட்டியை எடுத்துத் திறந்து விட்டேன். இனிதான் என் தப்பு வருகிறது. கூண்டின் முகப்பில் கம்பிக் கதவு ஒன்று வைக்கச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? வரிசையாகத் தொங்கும் மெல்லிய கம்பிகள். புறா வெளியிலிருந்து நெஞ்சால் தள்ளினால் கம்பி உள்ளே நகர்ந்து வழி விட வேண்டும், உள்ளிருந்து தள்ளினால் நகரக் கூடாது. பறந்துவிட்டு வருகிறவர் எந்நேரமும் யாரையும் கூப்பிடாமல் தானாக உள்ளே வந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். அந்தக் கதவைத் தச்சரிடம் விடாமல் நானே என் கையால் மாட்டினேன். எண்ணெய் போட்டேன். வழவழவென்று ஆடியது. ஞாயிறு காலையில் ஐந்து பேரும் அதைத் தள்ளிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் பறந்து போனபோது, என் வேலைப்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன்.

என்ன அழகு சம்பந்தி! தெருவுக்கு மேலே வட்டம், பெரிய வட்டம், அதைவிடப் பெரிய வட்டம். நால்வர் ஒரு கூட்டம், சின்னவர் மட்டும் அவர்களுக்கும் மேலே. எதிர்க்கடைக்காரர் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு நடுத்தெருவில் நின்று "அண்ணே, அந்த மேல போறவரு யாருண்ணே?" என்று கத்தினார். "எங்க சின்னவரு" என்று நானும் மாடியிலிருந்து கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் இறங்கி, கூண்டு முகப்பில் உள்ள பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கம்பியைத் தள்ளினார்கள். கம்பி அசையவில்லை. "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றேன். மறுபடி தள்ளினார்கள். நான் நிற்பதால் கூச்சப்படுகிறார்கள் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வீட்டம்மா உள்ளே நின்று பொத்தான் டப்பாவைக் குலுக்கினாள். சின்னவர் நெஞ்சை நிமிர்த்தி மூன்று தடவை மோதினார். பிறகு ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். சரியான சாவியைக் கையில் வைத்திருந்தும் பூட்டு திறக்காத வாடிக்கையாளர் என்னைப் பார்க்கும் பார்வை அது. அப்புறம் எழும்பினார். வீட்டுக்கு மேலே இரண்டு வட்டம் போட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகப் போனவர்தான்.

வீட்டம்மாதான் உள்ளே நின்றபடி கம்பியை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, இது உள்ளருந்து வெளியதானங்க போகுது? வெளியருந்து உள்ள வரலையே!" நான் கதவை உள்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றி மாட்டியிருக்கிறேன், சம்பந்தி. என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வெளியே இருப்பவர் உள்ளே வராமலிருக்கத்தான் நான் கதவு செய்திருக்கிறேன். உள்ளே இருப்பவர் சுலபமாக வெளியே போகலாம், வெளியே இருப்பவர் வரவே முடியாது என்றால் அது நல்ல கதவு. கை அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டது. வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு "வாங்க வாங்க" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றே கதவைத் திருப்பி மாட்டிவிட்டேன். மற்ற நால்வரும் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுத் தன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகச் சுற்றினார். நான் பொத்தான் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே போனேன். ஐஸ் விற்கிறார்கள் என்று குழந்தைகள் ஓடிவந்ததுதான் மிச்சம். மேனேஜர் மேலும் சந்தேகம் வந்து, அதன் வாயைத் திறந்து பார்த்தேன். இறகு எதுவும் இல்லை. ஒரு ஏப்பம் விட்டது. அது பால் ஏப்பம்தான் என்று வீட்டம்மா சாட்சி சொன்னாள். இப்போது ஏழு நெம்புப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். மாடிக் கதவையும் சாத்துவதில்லை. அவர் எந்த வழியாக வந்தாலும் வரட்டும் என்று ஜன்னலைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிறோம். ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவன் வீடு திறந்து கிடக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். மேனேஜர் உள்ளே வந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. விரட்டவும் எனக்கு மனசில்லை.

என்னால் தாங்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. தினமும் போனில் முதல் கேள்வியாகச் சின்னவரைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த வாரம் முழுக்க அவர் பெயரையே எடுக்கவில்லை. என் குரலைக் கேட்டே ஏதோ புரிந்துகொண்டு, என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பெருந்தன்மையாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குமேல் மகள் முந்தாநாள் போனில், "மாமா இப்பல்லாம் காலையிலயும் சாயங்காலமும் மாடிக்குப் போயி காலிக் கூண்டு பக்கத்துல உக்காந்துக்கிறாருப்பா. கூப்பிட்டாலும் எறங்கி வரமாட்டேங்கிறாரு" என்றாள். காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் "ராஜா மாதிரி இருக்காங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மன்னிப்பே கிடையாது.

ஆகவே தங்களிடம் இரண்டு விண்ணப்பம். ஒன்று, சங்கத்திலிருந்து விஷயம் தெரிந்த யாரையாவது அனுப்பி மற்ற நால்வரையும் அழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூண்டைப் பிரித்து மரத்தைத் தச்சருக்கே கொடுத்துவிடுகிறேன். இன்னொன்று, தங்கள் கோபத்தை என்மேல் மட்டும் காட்டுங்கள். புறாவைத் தொலைத்தவன் பெண் என்று என் மகளை யாரும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டாம். நான் கொஞ்ச காலத்துக்குத் தங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. ஏற்கெனவே நான் அடிக்கடி வருகிறேன் என்று, "பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசல்லயே போயி நிக்காதீங்க, மரியாதையா இருக்காது" என்று வீட்டம்மா தடை போட்டிருக்கிறாள். மகளைப் பார்க்க வேண்டும்போல்தான் இருக்கிறது. இருந்தாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்?

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். இருவரும் நீண்ட காலம் நிறைவாக இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் நெஞ்சுச் சளி கரைந்து, இரவில் நல்ல தூக்கம் வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்ற,
பூட்டுக்கடை சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது மகள் போன் செய்தாள். பேசிவிட்டு வந்து, ஒட்டிய உறையைக் கிழியாமல் திறந்து இதை எழுதுகிறேன். தொழில் தெரிந்த கை. முதல் காரியமாக, மேலே எழுதிய 'தாங்கள்', 'தங்கள்' எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

"அப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. மாமா சட்டைப் பையில தானியம் வெச்சிருந்து அத்தைகிட்ட மாட்டிக்கிட்டாரு. மாடியில ஒரு புறாவை ஒளிச்சு வெச்சிருக்காரு. கேட்டா, வழி தப்பி வந்த புறாங்கிறாரு. வழி தப்பி வந்த புறா தோள்ல உக்காந்து காதைக் கொத்துமாப்பா?" என்றாள். என்ன நிறம் என்று கேட்டேன். சாம்பல் என்றாள். இடது இறக்கை என்றேன். ஒத்தை வெள்ளை என்றாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அது எப்படிம்மா? வானத்தையே பாக்காத குஞ்சுன்னு அவருதானே சொன்னாரு" என்றேன். "மாமாவா? நல்லா சொன்னாரு. கூடையில போடறதுக்கு முன்னாடி பத்து நாளும் சாயங்காலமானா அதைத் தோள்ல வெச்சுக்கிட்டு மாடி பூரா சுத்துனாரு. அது தொட்டி மேல பறந்து போயி உக்காந்தா கை தட்டுவாரு" என்றாள் என் மகள். முதல் தடவை பறந்த கூரைதான் சாகிறவரைக்கும் வீடு என்று எனக்குப் பாடம் எடுத்தது யார், சம்பந்தி? கடைசிக் குஞ்சை அனுப்ப மனசு வராமல் பத்து நாள் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிவிட்டு, என்னிடம் வானம் பார்க்காத குஞ்சு என்று கொடுத்தது யார்? நான் கதவைச் சரியாக மாட்டியிருந்தாலும் அவர் ஒருநாள் உங்களிடம்தான் வந்திருப்பார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. புதன்கிழமை போனில் "நாலு பேரும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டீர்கள். "அஞ்சு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டாங்க" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நீங்கள் "ஓஹோ, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். அப்போது அவர் உங்கள் மடியில் உட்கார்ந்திருந்திருப்பார்.

கோபம் இருக்கிறது, ஆனால் அதற்காக இல்லை. டாக்டர் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இந்த இறகையும் தூசியையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாமா? புறா போனால் இன்னொரு புறா பொரியும். எனக்கு இருப்பது ஒரே ஒரு சம்பந்தி. ஆகவே சங்கத்துக்காரர் யாரையும் அனுப்ப வேண்டாம், கூண்டைப் பிரிக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடையோடு நானே வருகிறேன். அதுவரை மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அவரைச் சட்டைக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று. நான் எத்தனை தடவை கொண்டுவந்து வளர்த்தாலும், திறந்துவிட்டால் சின்னவர் உங்கள் மாடிக்குத்தான் போவார் என்று எதிர்க்கடைக்காரர் சொல்கிறார். பந்தயத்தில் பேர் கொடுத்த மாடிக்கே திரும்பி வந்தால்தான் கணக்காம், அதனால் அடுத்த மாசப் பந்தயத்தில் அவரைச் சேர்க்க முடியாது, போகட்டும். ஒவ்வொரு தடவையும் கூடையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து அழைத்துப்போக வேண்டியிருக்கும். இதை வீட்டம்மாவிடம் சொன்னேன். "புறாவைக் கூட்டிட்டு வரப் போறவங்களை யாரு என்ன சொல்ல முடியும்?" என்று சொல்லிவிட்டு, மகளுக்குத் தைத்து வைத்திருந்த ரவிக்கைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவளும் வருகிறாளாம்.

நல்ல புறா, சம்பந்தி. அவரைத் திருத்த வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரும் வழி மட்டும் அவருக்கு மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.